கோலம் அறுக்கும் ரம்பம்

அம்மாவிடம் ஒரு கோல நோட்டு இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் சேர்த்தது. பாதிப் பக்கங்கள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டு ஒட்டியவை. அதிலிருந்து ஒரு 9 புள்ளிச் சிக்குக் கோலத்தை, ஸ்க்ரோல் சா என்கிற ரம்ப மெஷினால் மரத்தில் அறுத்து வாசல் சுவரில் மாட்ட வேண்டும் என்று 2022இல் ஆரம்பித்தேன். நேர்ப்புள்ளி, நடுவில் 9, மேலும் கீழும் 1 வரை குறைந்துகொண்டே போகும். புள்ளிகள் 41. நாலு புள்ளிக்கு நடுவில் வருகிற கட்டங்கள் 24. கோடு மட்டும் மரமாக நிற்க வேண்டும், மற்றதெல்லாம் வெளியே வந்துவிட வேண்டும் என்றால் 65 இடத்தில் டிரில் போட்டு, 65 முறை பிளேடைக் கழற்றி, ஓட்டைக்குள் விட்டு, மாட்டி, இறுக்கி, அறுத்து, மறுபடி கழற்ற வேண்டும்.

ஸ்க்ரோல் சா பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அந்த 65 ஓட்டையில் கற்றுக்கொண்டதுதான். வாங்கும்போது எல்லோரும் மோட்டார் எத்தனை வாட், டேபிள் எவ்வளவு பெரிது என்று பார்ப்பார்கள், நானும் அப்படித்தான் பார்த்தேன். பார்க்க வேண்டியது பிளேடைப் பிடிக்கிற கிளாம்பையும், பிளேடைத் தாங்குகிற நீளக் கை, அதாவது ஆர்ம், ஆடுகிற ஆட்டத்தையும்.

இந்த மெஷினைப் பார்த்திராதவர்களுக்கு: தையல் மெஷின் மாதிரி ஒரு மேஜை, அதன் நடுவே ஊசிக்குப் பதிலாக நூல் போல மெல்லிய ரம்ப பிளேடு மேலும் கீழும் ஓடும். மரத்தைக் கையால் திருப்பித் திருப்பிக் கொடுத்தால் எந்த வளைவையும் அறுக்கலாம். கையில் பிடித்து அறுக்கிற ஜிக்சாவில் பிளேடு ஒரு முனையில் மட்டும் பிடிபட்டிருக்கும், இதில் இரண்டு முனையும் பிடித்து இழுத்து வைத்திருப்பதால் அரை மில்லிமீட்டர் தடிமன் கூட இல்லாத பிளேடு நேராக நிற்கிறது. பிளேடிலிருந்து பின்னால் இருக்கும் தூண் வரை உள்ள தூரத்துக்கு த்ரோட் என்று பெயர், 16 இன்ச் மெஷின், 20 இன்ச் மெஷின் என்று சொல்வதெல்லாம் அந்த அளவைத்தான். மோட்டார் வருவதற்கு முன்பு இதைக் காலால் மிதித்துத்தான் ஓட்டினார்கள். இங்கிலாந்தில் டெர்ஹாம் என்ற ஊரிலிருந்து ஹாபீஸ் என்ற கம்பெனி கால்மிதி ரம்பங்களும், வீட்டில் அறுக்க டிசைன் போட்ட வாரப் பத்திரிகையும் விற்றது. அந்தப் பத்திரிகை தொடங்கியது 1895இல்.

என்னுடையது 2019இல் வாங்கிய 16 இன்ச் மெஷின். ஒரே வார்ப்பில் செய்து, பல நிறம் பூசி, பல பெயரில் விற்கிற வகை. மூன்று வருஷம் குழந்தைகளுக்குப் புதிர்ப் பலகை, வீட்டுப் பெயர்ப்பலகை, கொலுப்படிக்குச் சின்னச் சின்ன வளைவுகள் எல்லாம் அறுத்துக் கொடுத்தது. கோலத்தில் 23வது ஓட்டை அறுத்துக்கொண்டிருந்தபோது டக் டக் டக் என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. வேகத்தைக் கூட்டினால் சத்தமும் கூடியது. கோடு அறுக்கும்போது பிளேடு பக்கவாட்டில் துடித்து, 5 மில்லிமீட்டர் அகலம் விட்டிருந்த கோடு ஓரிடத்தில் 3 ஆகிவிட்டது. விற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்த மாடலுக்கு ஸ்பேர் வருவதில்லை, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

மோட்டார் நன்றாக ஓடுகிறது, ஆர்ம் உடையவில்லை, எதற்குத் தூக்கிப் போட வேண்டும் என்று தோன்றியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கழற்றுகிற ஒவ்வொரு ஸ்க்ரூவையும் முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டே திறந்தேன். இதை நீங்களும் செய்யுங்கள். ஒரே மாதிரி இருக்கிற இரண்டு ஸ்க்ரூவில் ஒன்று 2 மில்லிமீட்டர் நீளமாக இருக்கும், அதை இடம் மாற்றிப் போட்டால் அது உள்ளே எதையாவது முட்டும்.

உள்ளே இருப்பது எளிமையான அமைப்பு. மோட்டார் தண்டின் முனையில் நடு விலகிய ஒரு சக்கரம். அது சுற்றும்போது ஒரு சின்ன ராடு கீழ் ஆர்மை மேலும் கீழும் தள்ளும். கீழ் ஆர்ம், மேல் ஆர்ம் இரண்டும் பின்பக்கத்தில் தனித்தனி இரும்புப் பின்னில் ஊஞ்சல் போல ஆடும். முன் முனைகளைப் பிளேடு இணைக்கும், பின் முனைகளை ஒரு நீளமான போல்ட் இணைக்கும். அந்த போல்ட்டை இறுக்கினால் பிளேடு விறைக்கும். அவ்வளவுதான்.

மேல் ஆர்மைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தேன். முனையில் 3 மில்லிமீட்டர் ஆட்டம். பின்னைத் தட்டி வெளியே எடுத்தபோது கருப்பாக, மரத்தூளும் கிரீஸும் சேர்ந்து பிசைந்த எள்ளுருண்டை போல ஒன்று கூடவே வந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால் பின்னைச் சுற்றி வட்டமாக இருக்க வேண்டிய உலோக வளையம், அதாவது புஷ், முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. சத்தம் மோட்டாரிலிருந்து வருகிறது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆர்ம் ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் அந்த முட்டை ஓட்டைக்குள் பின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதியதுதான் சத்தம். அதன் பிறகு நான் காதை நம்பக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு அடிக்கும் டக்கென்று வந்தால் புஷ்ஷோ ராடோ. இடைவிடாமல் ஊய்ங்கென்று இழுத்தால் பேரிங். கருகல் வாசனையோடு பொறி தெரிந்தால் மோட்டாரின் சுற்றுகிற பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கிற கார்பன் பிரஷ்.

கோயம்புத்தூரில் இருப்பதில் ஒரு நன்மை, பம்பும் மோட்டாரும் செய்கிற ஊர் என்பதால் தெருவுக்கு ஒரு லேத் பட்டறை. கணபதியில் எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர், அறுபது வயதைத் தாண்டியவர், பின்னை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தார். 12 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது நடுவில் 11.82.

"பின்னும் போயிருச்சுங்க தம்பி. புஷ் மட்டும் மாத்துனா மூணு மாசத்துல திரும்ப வருவீங்க."

"அப்ப ரெண்டுமே செஞ்சுருங்கண்ணா."

"செஞ்சரலாம். புஷ்ஷுக்கு கன்மெட்டல் போடறேன். எண்ணெய் விட மேல ஒரு ஓட்டை வேணுமுங்களா?"

அந்த ஓட்டை எனக்குத் தோன்றவே இல்லை. கம்பெனி செய்த மெஷினில் எண்ணெய் விட வழியே கிடையாது, தேயும் வரை ஓட்டு என்கிற கணக்கு. அவர் இஎன் 8 இரும்பில் பின்னைக் கடைந்து, கன்மெட்டலில் நாலு புஷ் கடைந்து, ஒவ்வொன்றிலும் 2 மில்லிமீட்டர் துளை போட்டு, ஆர்மில் அடித்து இறக்கிக் கொடுத்தார். பின்னை உள்ளே விட்டுக் கையை எடுத்தார். அது தன் எடையில் மெதுவாக, எங்கேயும் நிற்காமல் கீழே இறங்கியது. அதையே இரண்டு மூன்று முறை செய்து காட்டினார். அவர் முகத்தில் இருந்த திருப்தியை நான் இன்னும் மறக்கவில்லை. 900 ரூபாய் வாங்கினார். இப்போது எட்டு மணி நேரம் ஓட்டினால் துளைக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய், அவ்வளவுதான் பராமரிப்பு.

திறந்ததோடு திறந்ததாக மற்றதையும் பார்த்துவிட்டேன். மோட்டாரில் இரண்டு 608 பேரிங், உள்வட்டம் 8, வெளிவட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர், ரோலர் ஸ்கேட் சக்கரத்தில் இருப்பதும் இதேதான், எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். கடைக்காரர் டபுள் இசட் கொடுத்தார், அதில் மூடி தகடு. நான் 2ஆர்எஸ் கேட்டு வாங்கினேன், அதில் மூடி ரப்பர். மரத்தூள் பறக்கிற இடத்துக்கு ரப்பர் மூடிதான் சரி. கார்பன் பிரஷ் அதே அளவில் கிடைக்கவில்லை. கிரைண்டருக்கு வருகிற கொஞ்சம் பெரிய பிரஷ்ஷை வாங்கி உப்புத்தாளில் தேய்த்து, கூட்டுக்குள் தாராளமாக ஓடும்படி அளவுக்குக் கொண்டுவந்தேன். வேகம் மாற்றுகிற குமிழ் சில இடங்களில் திடீரென்று எகிறியது. காந்திபுரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் பழையதைக் காட்டி அதே மதிப்பில் வேறு ஒன்று வாங்கி மாற்றினேன், ரிப்பேர்காரர்கள் இதை வால்யூம் என்றே சொல்வார்கள். போர்டில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்கும் வரை காத்திருங்கள். பழக்கமில்லை என்றால் அந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

தூள் ஊதுகிற சின்ன ரப்பர் துருத்தி கிழிந்துபோயிருந்தது. கோடு தெரியாமல் அறுக்க முடியாது என்பதால் இது சின்ன விஷயமில்லை. மீன் தொட்டிக்கு வைக்கிற காற்று மோட்டார் ஒன்றை வாங்கி அதன் குழாயைப் பழைய ஊதுகுழலில் மாட்டினேன். பழைய துருத்தி பிளேடு ஓடும் வேகத்துக்குத்தான் ஊதும், மெதுவாக அறுத்தால் காற்றே வராது. இது எந்த வேகத்திலும் ஒரே சீராக ஊதுகிறது. புதிய மெஷின் வைத்திருப்பவர்களும் செய்துகொள்ளலாம்.

அதிர்வுக்கு ஒரு கடப்பைக் கல். வீட்டில் சமையல் மேடை மாற்றியபோது மிச்சமான துண்டு, ஏறக்குறைய இரண்டடிக்கு ஒன்றரை அடி. அதில் நாலு ஓட்டை போட்டு மெஷினை போல்ட் செய்து, கல்லுக்கு அடியில் பழைய பைக் டியூபை வெட்டி விரித்தேன். முன்பு பெஞ்சில் வைத்திருந்த டீ டம்ளரில் அலை அடிக்கும், இப்போது இல்லை. டேபிள் மேல் பழைய தடிமனான 5 ரூபாய் நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்திப் பார்ப்பேன். பிளேடு நிமிஷத்துக்கு 800 தடவை ஏறி இறங்குகிற வேகம் வரை நின்றது. 1000 தாண்டினால் விழுந்துவிடும். அதற்குமேல் இந்த வகை மெஷினில் எதிர்பார்க்க முடியாது, ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

கிளாம்ப்தான் பெரிய தலைவலி. அறுத்துக்கொண்டிருக்கும்போதே பிளேடு மேலிருந்து நழுவிவிடும். புதுப் பிளேடு எல்லாவற்றிலும் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவித்தான் அனுப்புகிறார்கள், அதை யாரும் சொல்வதில்லை. இப்போது ஒரு கட்டுப் பிளேடு வந்தவுடன் இரண்டு முனையையும் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, உப்புத்தாளில் ஒரு இழுப்பு இழுத்து வைத்துவிடுகிறேன். கிளாம்பின் உட்பக்கமும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது, அங்கேயும் உப்புத்தாளை மடித்துவிட்டுத் தேய்த்தேன். அழுத்துகிற ஸ்க்ரூவின் முனை உருண்டையாகியிருந்தது, அதை அரத்தால் தட்டையாக்கினேன். நழுவல் நின்றுவிட்டது.

பிளேடு பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மெஷினுக்குச் செலவழிப்பதில் பத்தில் ஒரு பங்கை நல்ல பிளேடில் போட்டால் வருகிற வித்தியாசம் வேறு எதிலும் வராது.

பிளேடின் நீளம் 5 இன்ச். முனையில் குறுக்காகச் சின்னக் கம்பி வைத்தது பின் பிளேடு, எதுவும் இல்லாதது வெறும் முனைப் பிளேடு. பின் பிளேடை மாட்டுவது சுலபம், கொக்கியில் மாட்டினால் முடிந்தது. ஆனால் அந்தப் பின் நுழைய 5 மில்லிமீட்டர் ஓட்டை வேண்டும். என் கோலத்தின் ஓரத்தில் சில மூலைகளே அந்த அளவுதான். வெறும் முனைக்கு 1.5 மில்லிமீட்டர் டிரில் போதும், மெல்லிய பிளேடுக்கு 1 மில்லிமீட்டரே போதும். ஆகவே உள்வெட்டு வேலை செய்ய ஆசை இருந்தால், பின் பிளேடு மட்டும் பிடிக்கிற மெஷினை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

பிளேடுக்கு நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏற பிளேடு அகலம், பல் பெரிது. 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் சிக்குக் கோலத்துக்கு 3ஆம் நம்பரில் என் கை படிந்திருக்கிறது. முக்கால் இன்ச் தேக்குக்கு 5 அல்லது 7. அதற்கு மேல் தடிமனுக்கு 9. அடிப்பக்கத்தில் கடைசிச் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும் ரிவர்ஸ் பல் பிளேடு என்று ஒன்று இருக்கிறது, பிளைவுட்டின் அடிப்பக்கம் நார் பிய்ந்து வருவதை அது நன்றாகக் குறைத்துவிடுகிறது. எனக்கு உப்புத்தாள் வேலை பாதியாகக் குறைந்தது. முறுக்கிய பிளேடும் உண்டு, நாலாப்பக்கமும் பல், மரத்தைத் திருப்பாமலே எந்தத் திசையிலும் அறுக்கலாம். ஆனால் வெட்டு முரடாக வரும், கோலக் கோட்டுக்கு ஆகாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், நேர்கோட்டைப் பிடித்து நேராகத் தள்ளினால் வெட்டு ஒரு பக்கமாக ஓடும். உங்கள் கையில் குறை இல்லை. பிளேடு செய்கிற இடத்தில் அதற்குப் பல் வெட்டும்போது ஒரு பக்கத்தில் மெல்லிய பிசிர் நின்றுவிடுகிறது, அந்தப் பக்கம் கூடுதலாகக் கடிக்கும். மரத்தைச் சற்றுச் சாய்த்துக் கொடுத்தால் நேராகப் போகும். எத்தனை சாய்ப்பு என்பது இரண்டு மூன்று நாளில் கைக்குத் தெரிந்துவிடும்.

அவசரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். நகை செய்கிற ஆசாரிகள் தகட்டில் பூவேலை அறுக்கப் பயன்படுத்தும் ரம்ப பிளேடும் அதே 5 இன்ச் நீளம், வெறும் முனை. டவுன்ஹால் பக்கம் நகைத்தொழில் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. பல் மிகப் பொடி என்பதால் தடிமனான மரத்தில் தூள் அடைத்துச் சூடாகி எரிந்துவிடும், ஆனால் 3 மில்லிமீட்டர் வரை, அதுவும் ஈட்டி மரம் மாதிரிக் கடினமானதில், கண்ணாடி போல அறுக்கும். பித்தளைத் தகட்டுக்கும் அதுவே. ஈட்டி அறுக்கும்போது மாஸ்க் போட மறக்காதீர்கள், அந்தத் தூள் சிலருக்கு மூச்சையும் தோலையும் படுத்திவிடும்.

மரம் விஷயத்தில் நான் முதலில் தவறான வழியில் போனேன். அம்மாவின் கோலம் தேக்கில்தான் இருக்க வேண்டும் என்று 6 மில்லிமீட்டருக்கு இழைத்து வாங்கி அறுத்தேன். கோலத்தில் கோடு எல்லாத் திசையிலும் ஓடும். நார் நீளவாக்கில் போகிற இடம் உறுதியாக நின்றது, குறுக்கே போகிற இடத்தில் 5 மில்லிமீட்டர் கோடு தொட்டால் படக்கென்று ஒடிந்தது. பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் அந்தப் பிரச்சினை இல்லை. உள்ளே ஓட்டை இல்லாத நல்ல பிளைவுட்டாக எடுத்து மேலே தேக்கு வெனீர், அதாவது மெல்லிய தேக்கு ஏடு, ஒட்டினேன்.

ரிப்பேர் செய்த மெஷினில் கோலம் முடிந்தது. மொத்தச் செலவு 1,700 ரூபாய்க்குள், மூன்று ஞாயிற்றுக்கிழமை. அப்புறம் ஏன் வேறு மெஷின் வாங்கினாய் என்று தம்பி கேட்டான். அவனுக்குச் சொன்ன கணக்கு இதுதான்: அந்த மெஷினில் பிளேடைக் கழற்ற பின்னால் இருக்கும் போல்ட்டைத் தளர்த்த வேண்டும், ஆலன் கீ எடுத்து மேல் கிளாம்பைத் திறக்க வேண்டும், ஓட்டைக்குள் விட்டு மறுபடி எல்லாம் செய்ய வேண்டும். ஒரு முறைக்கு இரண்டரை நிமிஷம். 65 முறைக்கு இரண்டே முக்கால் மணி நேரம், மரத்தை அறுக்காமல் ஸ்க்ரூ திருகிக்கொண்டே. புஷ்ஷை மாற்றலாம், பேரிங்கை மாற்றலாம், கிளாம்பின் அமைப்பை என்னால் மாற்ற முடியவில்லை.

வாங்கும் முன் ஆறு மாதம் சுற்றினேன். கையால் ஓட்டிப் பார்க்காமல் இந்த மெஷினை வாங்கவே கூடாது என்பது என் எண்ணம். சென்னையில் ஒரு நண்பரிடம் ஜெர்மன் புராக்ஸான் டிஎஸ் 460 இருக்கிறது, த்ரோட் 460 மில்லிமீட்டர், நிமிஷத்துக்கு 900, 1400 என்று இரண்டே வேகம். பழகிய மரத்துக்கு அதுவே போதும், ஆனால் நான் பித்தளையும் மெல்லிய வெனீரும் அறுப்பதால் 500க்குக் கீழே இறங்க வேண்டியிருக்கிறது. பெங்களூரில் இன்னொருவரிடம் அமெரிக்க டிவால்ட் டிடபிள்யூ 788, 20 இன்ச், 400லிருந்து 1750 வரை. அதை ஓட்டியபோதுதான் நாணயம் ஏன் விழுகிறது என்று புரிந்தது.

என் பழைய மெஷினில் முன்னிருந்து பின்வரை இரண்டு நீள ஆர்மும் மொத்தமாக மேலும் கீழும் ஆடுகின்றன. அவ்வளவு இரும்பும் ஒரு வினாடிக்குப் பல தடவை திசை மாறினால் மேஜை அதிராமல் என்ன செய்யும். டிவால்ட், கனடாவில் தொடங்கிய எக்ஸ்காலிபர் மாதிரி மெஷின்களில் நீள ஆர்ம் அசையாமல் நிற்கும். அதற்குள்ளே ஒரு ராடு முன்னும் பின்னும் போய் வரும், முன் முனையில் உள்ள சின்னத் துண்டு மட்டும் ஆடிப் பிளேடை ஏற்றி இறக்கும். அசைகிற எடை குறைவு, அதிர்வும் குறைவு. அதற்குப் பதிலாக உள்ளே மூட்டுகள் அதிகம், ரிப்பேர் என்று வந்தால் கழற்ற வேண்டியதும் அதிகம். இது தெரிந்து வாங்க வேண்டும். ஜெர்மனியின் ஹெக்னர் நீள ஆர்ம் ஆடுகிற பழைய வழியிலேயே வருகிறது, ஆனால் வார்ப்பும் பேரிங்கும் அந்த அளவுக்குச் சுத்தம் என்று வைத்திருப்பவர்கள் உயிரை விடுவார்கள். சி வடிவத்தில் இரண்டு ஆர்மும் ஒரே துண்டாக ஆடுவதும் உண்டு. அதில் பிளேடு செங்குத்தாகப் போகாமல் ஒரு வில்லாகப் போகும், வேகமாக அறுக்கும், ஆனால் வளைவில் எனக்குக் கை வரவில்லை.

சாய்த்து அறுப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: எக்ஸ்காலிபர் வகையில் டேபிள் சமமாக நிற்கும், ஆர்ம் சாயும். மற்றதில் டேபிள் சாயும், மரம் சரிந்து வரும். எனக்கு அந்த வேலை குறைவு என்பதால் அதற்குக் காசு போடவில்லை.

கடைசியில் வாங்கியது டிவால்ட். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த ஒரு குடும்பம் வீட்டுச் சாமானோடு கொண்டுவந்து பெங்களூரில் விற்றார்கள், 28,000 ரூபாய். மேல் கிளாம்புக்கு ஆலன் கீ வேண்டாம், விரலால் திருகினால் போதும். விறைப்பு நெம்புகோல், சுவிட்ச், வேகம் எல்லாம் முன்னால், கைக்கு எட்டுகிற இடத்தில். ஒரு ஓட்டைக்கு அரை நிமிஷம். அது 120 வோல்ட் மெஷின், நம் 230இல் நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது. காயில் கட்டுகிறவரிடம் சொல்லி 500 விஏ ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று செய்து வாங்கினேன். மெஷின் இழுப்பது 1.3 ஆம்பியர்தான், அதனால் தாராளமாகத் தாங்குகிறது. எடை 25 கிலோ, கடப்பைக் கல்லைப் புது மெஷினுக்கு மாற்றிவிட்டேன். நாணயம் 1500 வரை நின்றது.

பழைய மெஷின் வாங்கப் போகிறவர்கள் கையோடு இரண்டு இன்ச் தடிமனான மரக்கட்டை ஒன்று எடுத்துப் போங்கள். அதில் ஓரத்தில் சிறிதாக ஒரு வெட்டுப் போடுங்கள், நிறுத்துங்கள், கட்டையைப் பிளேடுக்குப் பின்பக்கம் கொண்டுபோய் அதே வெட்டைப் பிளேடின் முதுகில் நுழையுங்கள். தடையில்லாமல் நுழைந்தால் டேபிளும் பிளேடும் சரியாகச் செங்குத்து. உரசினால் சாய்ந்திருக்கிறது, அது திருத்தக்கூடியதுதான். அப்புறம் மெஷினை நிறுத்திவிட்டு ஆர்ம் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள், ஆட்டம் இருந்தால் புஷ் விலையைக் கழித்துப் பேசுங்கள். பிளேடை விரலால் மீட்டிப் பாருங்கள், தந்தி மாதிரி கணீரென்று கேட்க வேண்டும். விற்பவர் முன்னாலேயே பிளேடை ஐந்து முறை கழற்றி மாட்டுங்கள். ஐந்தாவது முறை எரிச்சல் வந்தால் வாங்க வேண்டாம். வார்ப்பில் விரிசல் தெரிந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள், அதை எந்தப் பட்டறையும் நம்பிக்கையாகச் சரிசெய்து தர முடியாது.

பழைய 16 இன்ச் மெஷின் இப்போது அக்கா மகளிடம் இருக்கிறது. கல்லூரி முதல் வருஷம், பின் பிளேடு போட்டுப் புதிர்ப் பலகை அறுக்கிறாள். கன்மெட்டல் புஷ்ஷில் இன்று வரை ஆட்டமில்லை. எண்ணெய் விட்ட தேதியைக் கவரில் பென்சிலால் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன், எழுதுகிறாள்.

9 புள்ளிக் கோலம் வாசலில் மாட்டியிருக்கிறது. மாட்டிய அன்று அம்மா கிட்டே போய், விரலால் கோட்டைத் தொடர்ந்துகொண்டே ஒரு சுற்று வந்தார். சிக்குக் கோலத்தில் எடுத்த இடத்திலேயே வந்து முடிகிறதா என்று பார்ப்பது அவர் பழக்கம். கோடு 3 மில்லிமீட்டராக மெலிந்த இடத்தில் விரல் நின்றது. "இந்த இடத்துல மாவு பத்தலையா கண்ணு?" என்றார். மெஷின் கெட்டுப்போன இடம் என்று சொன்னேன். சரி என்று மீதிச் சுற்றையும் முடித்தார்.

போன மாதம் நோட்டிலிருந்து 15 புள்ளியை எடுத்து வெளியே வைத்துவிட்டார். 113 புள்ளி, 84 கட்டம், 197 ஓட்டை. புள்ளிக்குப் புள்ளி 30 மில்லிமீட்டர் என்றால் முனைக்கு முனை 450, பழைய மெஷினில் திருப்பவே முடியாது. 20 இன்ச்சில் திரும்பும். பிளைவுட்டில் வரைந்து ஒட்டி, போன ஞாயிறு டிரில் போட ஆரம்பித்தேன். 60 ஓட்டை முடிந்திருக்கிறது, 3ஆம் நம்பர் ரிவர்ஸ் பல் பிளேடு இரண்டு கட்டு வாங்கி, முனை துடைத்து வைத்திருக்கிறேன்.